முப்பத்தாறு புட்டிக் கடல்

இதை எனக்கு முதலில் சொன்னவர் மிக்கேலம்மாள். சொன்ன இடம் ஆவுளித்துறை நியாயவிலைக் கடையின் வாசல். சொன்ன நாள் மாசி அமாவாசைக்கு மறுநாள். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்து, அரிசியில் கல் கிடக்கிறது என்று சொல்லும் அதே குரலில், "டீச்சர், கடல்ல ஒரு பாட்டில் அளவுக்குத் தண்ணி இல்ல" என்றார். எந்த இடத்தில் என்று கேட்டேன். "அந்தப் புள்ள போன மாசம் மோந்த இடத்துல" என்றார். வரிசை நகர்ந்தது, நாங்களும் நகர்ந்தோம்.

ஆவுளித்துறையில் கடல்நீரை வீட்டுக்கு எடுத்துச் செல்பவர் அதைத் திருப்பி ஊற்றியாக வேண்டும். பிறந்த குழந்தையின் பாதங்களைக் கழுவ ஞானஸ்நானத்தில் அதை ஏந்தும் ஞானத்தாய் ஒரு குடம் மொண்டு வந்தாலும், சுளுக்கிய காலுக்கு ஒத்தடம் கொடுக்க ஒரு செம்பு மொண்டு வந்தாலும், மொண்டவர் பெயரும் மொண்ட நாளும் மொண்ட இடமும் அந்தப் பாத்திரத்தின் கழுத்தில் கரியால் எழுதப்படும். பயன்பட்ட நீர் சொட்டும் மண்ணில் சிந்தாமல் தாம்பாளத்தில் ஏந்தப்படும். அடுத்த அமாவாசைக்குள் மொண்ட இடத்திலேயே அது ஊற்றப்படும். கரி எழுத்தை அலையே கழுவி எடுத்துக்கொள்ளும். திருப்பித் தராதவரும், அவருக்காகப் பொறுப்பேற்றவரும், திருப்பும்வரை கடலில் கால் நனைக்கலாகாது. நாள் கடந்தவரிடம் வாய்திறந்து கேட்பது முகத்தில் உமிழ்வதற்குச் சமம் என்பதால், வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் எதிரில் போய் நிற்பார்கள். அதைக் கண்டதும் அவர் முகம் கறுத்துப் பாத்திரத்தோடு கரைக்கு ஓடுவார். நான் உள்நாட்டிலிருந்து பணிமாற்றலில் வந்து, அவ்வூர்ப் பள்ளியில் முப்பத்தோராண்டு தமிழ் கற்பித்து, ஓய்வுபெற்று அங்கேயே தங்கிவிட்டவள். ஆயினும் இவ்வழக்கம் எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை.

அந்தப் பிள்ளையின் பெயர் வாசுகி. தருமபுரிப் பக்கத்துக் கேழ்வரகு நிலத்தில் பிறந்து, பத்தொன்பதாம் வயதில் முதன்முதலாகக் கடலைக் கண்டு, பல்கலைக்கழகத்துக் கடல்வாழ் உயிரியல் துறையில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவள். எங்கள் குடாவின் அடியில் புல்வெளிபோல் விரிந்து கிடந்த கடல்தாழை எவ்வளவு செழித்திருக்கிறது, அதனுள் எத்தனை கடல்குதிரைகள் வாலைச் சுற்றிக்கொண்டு நிற்கின்றன, நீரில் எவ்வளவு உப்பு, எவ்வளவு சூடு என்று மூன்றாண்டுக் காலம் மாதந்தோறும் அளப்பதே அவளுடைய ஆய்வு. ஒவ்வொரு மாதமும் ஒரு மீட்டர்ச் சதுரச் சட்டத்தைக் கடலடியில் இறக்கி அதற்குள் உள்ளவற்றை எண்ண வேண்டும். நடுக்குடாவிலிருந்து ஒரு லிட்டர் நீர் எடுத்துச் செல்ல வேண்டும். அவளுக்கு நீந்தத் தெரியாது. ஆகவே எட்டு வயது முதல் கடல்பாசி எடுத்தவரும், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு இறங்கினால் ஊரே தன்னை மறக்கும் அளவுக்கு மூச்சை அடக்குபவருமான மிக்கேலம்மாளைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டாள்.

தை மாதம், கோயில் கூடத்தில் ஊர்க்கமிட்டி கூடியது. தலைவர் கபிரியேல் வாசுகியின் புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒரு லிட்டர்னா எத்தன செம்பு?"

"ரெண்டு செம்பு வரும் அண்ணே," என்றார் மிக்கேலம்மாள். "இந்தப் புள்ளைக்கு நான் பொறுப்பு."

அன்று நடுக்குடாவில் முதல் புட்டி நிறைந்து கரைக்கு வந்தது. வாசுகி அதன்மேல் ஒரு தாளை ஒட்டி ஆங்கிலத்தில் எழுதினாள். அவ்வளவோடு நின்றிருந்தால் இக்கதை இல்லை. ஆனால் நான் அங்கே நின்றிருந்தேன்; பொறுக்கவில்லை. "எங்கள் கடலின்மேல் எங்களால் படிக்க முடியாத எழுத்தை ஒட்டுகிறாயே, தமிழ் மறந்துவிட்டதா?" என்று கேட்டேன். "சாரி மேடம்" என்று சிவந்துபோய், வேறொரு தாளை ஒட்டி, அழகான வட்ட எழுத்தில், நான் சொல்லச் சொல்ல, தமிழ் மாதத்தையும் சேர்த்து எழுதினாள்: வாசுகி, தை 21, ஆவுளித்துறை நடுக்குடா. சூழ்ந்து நின்ற ஊர் அதைப் படித்தது. மொண்டவர் பெயர், மொண்ட நாள், மொண்ட இடம். கபிரியேல் பெருவிரலை நனைத்து அதன்மேல் தேய்த்துப் பார்த்தார்.

"அழியலையே?"

"அழியாதுங்க அண்ணா. உப்புத் தண்ணிலயே வருஷக்கணக்கா கெடந்தாலும் அழியாது."

அலையாலும் கழுவ முடியாத எழுத்தில் அந்த ஊரில் அதுவரை எவரும் வாக்குக் கொடுத்ததில்லை. பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். படித்த பிள்ளை, வழக்கம் தெரிந்த பிள்ளை என்றார்கள். அவளுக்கு வழக்கம் தெரியாது என்பது எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். அவளைத் தமிழில் எழுதவைத்த பெருமிதத்தில் வீடு திரும்பி வெந்நீரில் குளித்தேன்.

மாசி அமாவாசைக்குள் நீர் திரும்பவில்லை. மறுநாள் பள்ளம் இருந்தது. நீர்மட்டத்திலிருந்து ஒரு சாண் ஆழத்துக்கு, கழுத்தும் தோளுமாக ஒரு புட்டியின் வடிவத்தில், அங்கே கடல் இல்லை. அலை வந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போயிற்று. விரலை உள்ளே விட்டால் உலர்ந்து வெளியே வந்தது. குனிந்து முகர்ந்தால் நெடுநாள் பூட்டிய அலமாரியின் வாசனை வீசிற்று. அதே மாசியில் வாசுகி மீண்டும் வந்தாள், பக்கத்திலேயே இரண்டாம் புட்டியை நிறைத்தாள். வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மிக்கேலம்மாள் எதிரில் வந்து நின்றார். வாசுகி சிரித்தாள். "தண்ணி புடிக்கக் கெளம்பிட்டீங்களாக்கா? குழாய்ல வருதா?" என்றாள். மிக்கேலம்மாள் தலையாட்டினார். சட்டத்தை இறக்க வேறொருத்தி போனாள்.

"ஏன்க்கா, நீங்க எறங்கலையா?"

"கால்ல புண்ணு, புள்ள."

மறுமாதம் வாசுகி களிம்பு வாங்கி வந்து கொடுத்தாள்.

பங்குனியில் இரண்டு, சித்திரையில் மூன்று, வைகாசியில் நான்கு என்று பள்ளங்கள் கூடின. ஊர் அவற்றை ஏற்றுக்கொண்டது, புதிதாக வந்த மருமகளை ஏற்பதுபோல், முதலில் ஒதுங்கி நின்று பார்த்து, பிறகு அவளைக் கொண்டு வேலை வாங்கி. வள்ளக்காரர்கள் சுக்கானை இரண்டு விரற்கடை திருப்பி அவற்றைக் கடக்கப் பழகினார்கள். பாசி எடுக்கும் பெண்கள் நனையக்கூடாத வெற்றிலையையும் மூக்குப்பொடியையும் அவற்றுக்குள் வைத்துவிட்டு மூழ்கினார்கள். தேநீர்க் கடை ரெக்ஸ், "கடலுக்கு அம்மை போட்டு வடு விழுந்திருக்கு, வேப்பிலை கட்டுங்கலே" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்க வந்த நகரத்தாருக்கு இருமடங்கு பஜ்ஜி விற்றார். பங்குத்தந்தை இரண்டு வாரம் யோசித்து, பிரசங்கத்தில் அதை ஆதரித்தும் சொல்லாமல் மறுத்தும் சொல்லாமல், யாரும் அதில் எச்சில் துப்ப வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். வீட்டில் பேச முடியாததைப் பெண்கள் அதற்குள் வாய்வைத்துப் பேசிவிட்டு வந்தார்கள். மாதா திருவிழாவன்று அந்தி வேளையில் எட்டுப் பள்ளங்களிலும் எட்டு மெழுகுதிரிகளை ஏற்றி வைத்தார்கள். காற்று தொடாத அந்தச் சுடர்கள் நீருக்குள் நின்று ஆடாமல் எரிந்தன. அழகாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன்.

பல்கலைக்கழகமும் அதைத் தன் முறையில் ஏற்றுக்கொண்டது. வைகாசியில் வாசுகி வள்ளத்தின் விளிம்பில் குப்புறப் படுத்து, முதல் பள்ளத்துக்குள் வெப்பமானியை இறக்கி, அளவுகோலை இறக்கி, கண்டதைக் கண்டபடி குறிப்பேட்டில் எழுதினாள். அந்த மாதப் புட்டியின் எண்களும் மற்றவற்றோடு ஒட்டாமல் வந்தன. பேராசிரியர் அந்தப் பக்கத்தைச் சிவப்பு மையால் குறுக்காகக் கோடிட்டு, கருவிப் பிழை என்று ஓரத்தில் எழுதி, ஐந்தாம் புட்டியைக் கொட்டிவிடச் சொன்னார். அவள் மறுமாதம் புதுக் கருவியோடு வந்தாள். பள்ளங்கள் இருந்த இடத்தைத் தவிர்த்து அளந்தாள். எண்கள் ஒழுங்காக வந்தன.

ஆனால் திருப்பப்படாத நீர் இருந்த அளவிலேயே இருக்கவில்லை. ஒவ்வோர் அமாவாசைக்கும் பள்ளங்கள் விரிந்தன. புட்டி அளவு குடத்தளவாயிற்று, குடத்தளவு வள்ளத்தளவாயிற்று; ஓராண்டு முடிவில் அவற்றின் அடி கடலடியைத் தொட்டது, அந்த இடத்துத் தாழை வெயிலில் மஞ்சளாகிப் பிறகு சாம்பலாயிற்று. நீந்தி வந்த கடல்குதிரைகள் நீர்ச்சுவரின் விளிம்பு தெரியாமல் உள்ளே விழுந்து, சுற்றிக்கொள்ள ஒன்றுமில்லாமல் தம் வாலைத் தாமே சுற்றிக்கொண்டு காய்ந்தன. பெண்கள் அவற்றைப் பொறுக்கி வந்து வேலியோரம் குவித்தார்கள். மெழுகுதிரி ஏற்றுவதை எவரும் சொல்லாமலே நிறுத்திவிட்டார்கள்.

"போதும்னு சொல்லிருவோமா?" என்று கபிரியேல் ஒருமுறை கேட்டார்.

"சொன்னா, அந்தப் புள்ள திருப்பித் தராதுன்னு நாமளே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிராதா அண்ணே?" என்றார் மிக்கேலம்மாள். "அழியாத மையில எழுதியிருக்கு. தராம எங்க போயிருவா? பத்திரமா வச்சிருக்கேன்னு அவ வாயால சொன்னா."

எனவே மாதந்தோறும் வாசுகி வந்தாள். மாதந்தோறும் ஒரு புட்டி நிறைந்தது. மாதந்தோறும் மிக்கேலம்மாள் குடத்தோடு வந்து நின்றார். மாதந்தோறும் வாசுகி சிரித்தாள். தெருவில் நின்று நான் மாதந்தோறும் பார்த்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்; என்னிடம் யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் ஆண்டில் பள்ளங்கள் ஒன்றோடொன்று கூடி, குடா முழுவதும் உலர்ந்தது. கடல் குடாவின் வாயில் ஒரு மதிலைப்போல் நின்றது; அதற்கப்பால் கப்பல்கள் போயின. மிஞ்சிய புட்டிகளை வாசுகி அந்த மதிலோரம் நிறைத்துக்கொண்டாள். பக்கத்து ஊர்க் கடலிலிருந்து லாரியில் நீர் கொண்டுவந்து ஊற்றிப் பார்த்தார்கள். இந்தக் குடாவில் மொண்ட நீர் அல்லாததால் தரை அதை நண்பகலுக்குள் குடித்துவிட்டது. வாசுகியின் எண்களைக் கேட்டு வாங்கி, கிணற்று நீரில் உப்பை நிறுத்துப்போட்டு அதே உவர்ப்பில் கரைத்து ஊற்றினார்கள், அதையும் குடித்துவிட்டது. வள்ளங்கள் சாய்ந்த இடத்திலேயே கிடந்தன. ஆண்கள் கட்டட வேலைக்குத் திருப்பூருக்கும் கொச்சிக்கும் போனார்கள். பெண்கள் விடிகாலைப் பேருந்தில் இறால் உரிக்கும் கொட்டகைக்குப் போனார்கள். ரெக்ஸ் தேநீர்க் கடையைப் பேருந்து நிற்கும் இடத்துக்கு மாற்றினார், வேடிக்கைப் பேச்சை விட்டுவிட்டார். வாசுகியின் பட்டியலில் கடல்குதிரைகளின் எண்ணிக்கை பதினேழு, ஒன்பது, இரண்டு, சுழியம் என்று இறங்கிற்று; சீராக இறங்கிய அந்தக் கோட்டை அவளுடைய பேராசிரியர் மிகவும் பாராட்டினார். வருவாய்த் துறையினர் வந்து, நீர் இல்லாத இடம் நிலமே என்று அளந்து, குடாவுக்கு ஒரு சர்வே எண் கொடுத்து, ஏட்டில் தரிசு என்று பதிந்தார்கள். பெயர் தெரியாத ஒரு நிறுவனத்தார் அதில் மஞ்சள் கற்களை நட்டுவிட்டுப் போனார்கள்.

மிக்கேலம்மாள் எங்கும் போகவில்லை. நீரில் ஊறியே பழகிய அவருடைய விரல்நுனிகள் வெடித்துப் பிளந்தன. குடாவின் வாயில் கடல் இன்னும் இருந்தது. நடந்து போய்த் தொட்டிருக்கலாம். மற்றவர்கள் போய்த் தொட்டுக் குளித்தும் வந்தார்கள். பொறுப்பேற்றவர் கால் நனைக்கலாகாது. விரலில் சுற்றும் துணிகளைத் துவைத்து மடித்து, மாதா படத்தின் பின்னால் செருகி வைத்திருந்தார்.

முப்பத்தாறாவது புட்டியோடு ஆய்வு முடிந்தது. வாசுகி எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. பங்குனியில் ஒருநாள் காலையில் மிக்கேலம்மாள் வெறுங்குடத்தோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். என் முகம் கறுத்தது.

"உங்கள்ட்ட கேக்க வரல டீச்சர்," என்றார். "வழி தெரியாது. கூட வாரியளா?"

பேருந்தில் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "என்னக்கா, கடல்கரையில இருந்து டவுனுக்கா தண்ணி புடிக்கப் போறிய?" என்று நடத்துநர் சிரித்தார். பேருந்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். மிக்கேலம்மாளும் சிரித்தார், மூன்றாண்டில் அவர் அதற்குப் பழகியிருந்தார்.

வாசுகி இப்போது ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டிருந்தாள். அதே துறையில் தற்காலிக விரிவுரையாளர். ஆய்வகத்தின் நீண்ட மேசைக்கு அப்பால் எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்து ஓடி வந்தாள். மிக்கேலம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றி அவள் எதிரில் நின்றார்.

"அக்கா! தண்ணி வேணுமா? இங்க கேன் வாட்டர் இருக்குக்கா, இருங்க..."

நான் பேசினேன். "வாசுகி, அவர் தண்ணீர் கேட்டு நிற்கவில்லை. தண்ணீரைத் திருப்பிக் கேட்டு நிற்கிறார்" என்று தொடங்கி, குடத்தையும், கரியையும், அமாவாசையையும், வாக்கையும், புண்ணில்லாத அந்தக் காலையும் சொல்லி முடித்தேன். மூன்றாண்டு நான் சொல்லாதிருந்ததைச் சொல்லி முடிக்க ஒரு பாடவேளையின் கால் பங்குகூட ஆகவில்லை.

வாசுகி குடத்தைப் பார்த்தாள். "மாசாமாசம் வந்து நின்னீங்களேக்கா. தண்ணி புடிக்கப் போறீங்கன்னு நெனச்சேன்."

"பாத்துட்டும் சிரிக்காளேன்னு நான் நெனச்சேன்," என்றார் மிக்கேலம்மாள். "தெம்பா சிரிக்கா, கையில இருக்கப் போய்த்தான் சிரிக்கான்னு. எங்க புள்ள வச்சிருக்க?"

வாசுகி சுவரோரம் இருந்த வெண்ணிறப் பீங்கான் தொட்டியைக் காட்டினாள். வடிகட்டி, காய்ச்சி, மருந்து விட்டு நிறம் பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகு எல்லாவற்றையும் அதில்தான் கொட்டியிருந்தாள். மிக்கேலம்மாள் குடத்தைக் கீழே வைத்தார். தொட்டியின் அருகே போய், வடிகுழாயின் வாயில் பிளந்த விரல்களை விட்டுத் துழாவினார். அடியில் பச்சையாகக் கொஞ்சம் பாசி இருந்தது. வழவழவென்று, நன்னீர்ப் பாசி.

"இதுலயா ஊத்துன?"

"எல்லாத்தோட எண்ணும் இருக்குக்கா. ஒண்ணுகூட விடல." இருநூற்றுப் பதினான்கு பக்க ஆய்வேட்டை எடுத்து வந்து விரித்தாள். "பாருங்க, இது தை. இது மாசி."

மிக்கேலம்மாள் பட்டியலின்மேல் விரலை வைத்து, மேலிருந்து கீழ்வரை மெதுவாகத் தடவினார்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. எண்ண ஊத்த முடியுமா, புள்ள?"

வாசுகி குளிர்ப்பெட்டியைத் திறந்து, முன்னால் இருந்தவற்றையெல்லாம் விலக்கி, சுவரை ஒட்டி மறைத்து வைத்திருந்த ஒரு புட்டியை வெளியே எடுத்தாள். கொட்டிவிடச் சொல்லிப் பேராசிரியர் கோடிட்ட ஐந்தாம் புட்டி. கொட்ட மனம் வராமல் வைத்திருந்து, எண்கள் பொய்யில்லை என்று தனக்குத்தானே நிரூபித்துக்கொள்ளச் சிறிது சிறிதாக எடுத்து மீண்டும் மீண்டும் அளந்து பார்த்திருக்கிறாள். மிச்சத்தில் எதுவும் கலக்கவில்லை என்றாள். அளவுக் குழலில் ஊற்றி, கண்ணை நீர்மட்டத்துக்கு நேரே கொண்டுபோய்ப் படித்து, குழலின் கடைசித் துளியும் சொட்டி முடியும்வரை காத்திருந்து, திரும்பப் புட்டியில் விட்டாள். வைகாசி 19, ஆவுளித்துறை நடுக்குடா என்ற எழுத்து அன்று எழுதியதுபோல் இருந்தது.

எங்களோடு அவளும் வந்தாள். மறுநாள் காலையில் உலர்ந்த குடாவில் மூவரும் நடந்தோம். காய்ந்த தாழை காலடியில் சருகாக நொறுங்கிற்று. மஞ்சள் கற்களைக் கடந்தோம். கடலின் மதில் தூரத்தில் ஒலியின்றி நின்றது. ஐந்தாம் புட்டி நிறைந்த இடத்தை வாசுகி தன் கருவியில் பார்ப்பதற்குள் மிக்கேலம்மாள் தாமாகவே நின்றுவிட்டார். கரையில் கபிரியேலும் போகாமல் மிஞ்சிய சிலரும் நின்று பார்த்தார்கள்.

வாசுகி முழங்காலிட்டு ஊற்றினாள். நீர் ஓடவில்லை, தரை அதைக் குடிக்கவுமில்லை. ஒரு புட்டியின் அடிப்பாகம் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்தில், மூன்று விரற்கடை உயரத்தில், கண்ணாடி இல்லாமலே நின்றது. சற்று நேரத்தில் அதன் மேற்பரப்பு ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்தது. பிறகு மறுபக்கம் உயர்ந்தது. அலை.

வேறெதுவும் நிகழவில்லை. குடா குடாவாகவே கிடந்தது. நாங்கள் காத்திருந்தோம், வெயில் ஏறியது.

மிக்கேலம்மாள் சேலையைக் கணுக்கால்வரை தூக்கிக்கொண்டு, வலக்காலை நீட்டினார். பாதம் அதற்குள் கொள்ளவில்லை. பெருவிரலை மட்டும் வைத்தார். மூன்றாண்டும் இரண்டு மாதமும் கழித்துக் கடல் அவரை நனைத்தது, நகக்கண்வரை. அவர் கண்ணை மூடவில்லை, அழவில்லை; ஆழத்துக்கு இறங்கப் போகிறவர்போல் மார்பு நிறைய மூச்சை இழுத்து, அடக்கிக்கொண்டு அப்படியே நின்றார்.

வாசுகி புட்டியின் எழுத்தை அந்த நீரில் தேய்த்தாள். அது அழியவில்லை.

கபிரியேல் கரையிலிருந்து உரக்கக் கேட்டார்: "எவ்வளவு திரும்பியிருக்கு, டீச்சர்?"

முப்பத்தாறு லிட்டரில், இருநூற்று நாற்பது மில்லிலிட்டர்.